சோடிச்சொல் லோறன்ஸ்

என் மனுசனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஆலங்குடாவிலிருந்து கற்பிட்டி வரைக்கும் தெருவோரத்தில் நிற்கிற இங்கிலீஷில் முக்கால்வாசி அவர் எழுதியது. வெள்ளைக்காரர் அதை வாசித்துத்தான் திரும்பவேண்டிய இடத்தில் திரும்புகிறார்கள், குளிக்கவேண்டிய இடத்தில் குளிக்கிறார்கள், சாப்பிடக்கூடாத கடையில் போய்ச் சாப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் வந்து எழுதியவரிடம் பெயரைக் கேட்டால் இவருக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெயர் லோறன்ஸ். கலியாணம் கட்டிய காலத்தில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அந்தோனியார், செபஸ்தியார், அன்னம்மாள் என்று எல்லாப் புனிதர்களையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவார். கை நடுங்காது. கோடு போடாமலே எழுத்து நேராக நிற்கும். பிறகு நாட்டில் சண்டை முடிந்தது. பட்டம் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஹொட்டேல்கள் வந்தன. நாலு தென்னையும் ஒரு ஓலைக்கொட்டிலும் வைத்திருந்தவனுக்குக்கூட இங்கிலீஷில் ஒரு பலகை வேண்டியிருந்தது. சொல்லை யாராவது போனில் அனுப்புவார்கள். இவர் அதைப் பார்த்து வரைவார். வரைவார் என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் வாசிக்க அவருக்குத் தெரியாது.

வரைந்து வரைந்து ஒரு விசித்திரமான இங்கிலீஷ் அவருக்குள் ஊறிவிட்டது. தனிச் சொல் ஒன்றும் தெரியாது. சோடியாக வந்தால் தெரியும். "வியூ எண்டா என்ன?" என்று கேட்டால், "அது ஸீயோட வாறது" என்பார். "அவைலபிள் எண்டா?" என்றால், "ரூம்ஸுக்குப் பின்னால வாறது." ஹொட் வோட்டர், பிறெஷ் ஜூஸ், ஃபாஸ்ட் ஃபூட், ஸீ வியூ, டே டிரிப். எல்லாம் புருசன் பெண்சாதி மாதிரி அவருடைய தலைக்குள் குடியிருந்தன. ஒன்றைத் தனியாகக் கூப்பிட்டால் வராது. ஊரில் அவருக்குச் சோடிச்சொல் லோறன்ஸ் என்றே பெயர் விழுந்துவிட்டது. அதற்கும் சிரிப்புத்தான்.

ஒருநாள் பட்டம் பழக்குகிற இடத்துக்கு எழுதிவிட்டு வந்து பெரிய கண்டுபிடிப்பைப் போல எனக்குச் சொன்னார்.

"டயனா, காத்து எண்டா ஸ்ட்ரோங். மழை எண்டா ஹெவி. மாத்திப் போட்டா வெள்ளைக்காரன் சிரிப்பான்."

"ஏன், காத்துக்குப் பாரமில்லையா? போன வருசம் எங்கட கூரைத் தகரத்த ஆரு தூக்கினது?"

"ஏன் எண்டு கேக்கக்கூடாது. அது அதோட சோடி. நீ ஏன் லோறன்ஸோட இருக்கிறாய் எண்டு ஆராவது கேட்டா என்ன சொல்லுவாய்?"

"கேக்கச் சொல்லுங்க. சொல்லுறதுக்கு நிறைய இருக்கு" என்றேன்.

ஆனால் கருவாட்டுக்குக் காகம் விரட்டிக்கொண்டிருந்தபோது நானும் யோசித்துப் பார்த்தேன். நாங்களும் அடைமழை என்கிறோம், அடைவெயில் என்று ஒருவரும் சொல்வதில்லை. கும்மிருட்டு உண்டு, கும்வெளிச்சம் கிடையாது. பச்சைத்தண்ணி என்கிறோம், அது பச்சையாகவா இருக்கிறது? யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. வாயோடு சேர்ந்து வளர்ந்தது. இந்த மனுசனுக்கு அது பெயின்ட் பிறஸ்சோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கற்பிட்டியில் ஒரு கடைக்காரர் அவசரத்தில் 'ஃபாஸ்ட் ஜூஸ்' என்று போனில் அனுப்பியிருந்தார். இவர் தலையைச் சொறிந்துவிட்டு 'பிறெஷ் ஜூஸ்' என்று எழுதிக் கொடுத்தார். கடைக்காரருக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்து குடித்தார்கள், கடைக்காரர் இவருக்கு ஒரு கிளாஸ் ஓசியில் ஊற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து இவருக்கு ஒரு நிச்சயம் வந்துவிட்டது. சொல்லைத் தருகிறவர்கள் பிழையாகத்தான் தருவார்கள், கலியாணத் தரகர் மாதிரி சோடி பார்த்துச் சேர்த்துவைப்பது தன் வேலை என்று. பிறகு எத்தனை பலகையை இப்படித் திருத்தினாரோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். யாரிடமும் சொல்லமாட்டார். திருத்திவிட்டேன் என்று சொன்னால் தந்தவர் வெட்கப்படுவாராம்.

அவருடைய குணம் அப்படி. யார் எது கேட்டாலும் 'ஓம்'. நாளைக்கே வேண்டுமா, ஓம். பழைய பலகையைச் சுரண்டிப் புதிதாக எழுதவேண்டுமா, ஓம். எங்கள் வேலியைத் தள்ளிப் பக்கத்து வீட்டான் தன் கோழிக்கூட்டை வைத்தபோதும், "ஓம், வச்சுக்கொள்ளட்டும்." கலியாணம் கட்டி இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது, அவர் வாயிலிருந்து ஒரு 'இல்லை' வந்து நான் கேட்டதில்லை. ஆகவே வீட்டுக்குத் தேவையான கோபம் முழுவதும் என் தலையில் விழுந்தது. கோழிக்கூட்டுக்காரனோடு கத்தியது நான். மீன் பங்கில் ஏமாற்றப் பார்த்தவனோடு கத்தியது நான். ஊரில் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்கிறார்கள். இரண்டு பேருடைய கோபத்தை ஒரு மூக்கில் வைத்தால் வேறு எங்கே நிற்கும்?

என் தொழில் கருவாடு. சோளகக் காற்று அடங்கிக் கடல் படுத்த பிறகு எங்கள் கரையில் கரைவலை இழுப்பார்கள். வலை ஏறுகிற இடத்துக்கும் ஹொட்டேல் வேலிக்கும் நடுவில் ஒரு நீட்டு மணல் இருக்கிறது. அதில்தான் நாங்கள் பெண்கள் மீன் காயப்போடுகிறோம். சாளையைக் கீறிக் கடல்தண்ணியில் அலசி உப்பில் போட்டு, பிறகு பின்னிய தென்னோலைக் கிடுகில் விரிப்போம். நெத்தலி என்றால் அப்படியே விரிப்போம். அந்த மணலுக்கு வேலியும் இல்லை, முளையும் இல்லை. யாருடைய கிடுகு எங்கே விரியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் போனாலும் அவளுடைய இடத்தில் இன்னொருத்தி ஒரு மீனும் போடமாட்டாள். என் இடம் என் மாமியிடமிருந்து வந்தது. அடுத்த இடம் கத்தரினாவுடையது. காயவைத்ததைக் கற்பிட்டி வியாபாரி ரஸாக் நானா வந்து எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் அடுப்பு எரிவது பலகையால் என்று யாராவது நினைத்தால் அது பிழை. பலகை வந்தால் வரும், வராவிட்டால் வராது. இந்த மணல்தான் எங்களுக்குச் சோறு.

பக்கத்து ஹொட்டேல் புதுக் கைக்கு மாறி, றொமேஷ் என்று ஒரு மேனேஜர் வந்தான். கொழும்பில் படித்துவிட்டு வந்தவன், ஆனால் சிலாபத்துப் பொடியன்தான். அவனுடைய அப்பாவும் கரைவலை இழுத்தவர் என்று அவனே சொன்னான். வந்த கிழமையே லோறன்ஸுக்குப் போனில் ஒரு கட்டுச் சொற்களை அனுப்பினான். எல்லாம் புதுப் பலகை. இவர் முற்றத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக வரைந்தார். நான் உப்புப் பீப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். நடுவில் பிறஸ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தப் பொடியன் ஒண்டைப் பிழையா அனுப்பியிருக்கிறான்."

"என்ன?"

"பிறைவேற் பீச் எண்டு போட்டிருக்கு. பிறைவேற் எண்டா ரூம். பிறைவேற் எண்டா பாத்ரூம். பீச்சோட அது வராது. பீச்சுக்கு முன்னால பப்ளிக் எண்டுதான் வரும். நான் முந்தி ஒரு இடத்துக்கு எழுதிக் குடுத்திருக்கிறன்."

"அவனிட்ட ஒருக்கா கேளுங்களேன்."

"பாவம், வேலை கூடின பொடியன். தொந்தரவு குடுக்கக்கூடாது."

'பிறைவேற்' என்றால் தனிச்சொந்தம், 'பப்ளிக்' என்றால் எல்லோருக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஓ எல் வரைக்கும் போனவள்தானே. ஆனால் என் புத்தியும் அன்று பீப்பாவுக்குள்தான் இருந்தது. ஹொட்டேலுக்குள்ளே எங்கேயோ நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் வைக்கப்போகிற பலகை என்று விட்டுவிட்டேன். அவர் 'பப்ளிக் பீச்' என்று நீலத்தில் வரைந்து, கீழே ஒரு மீனும் கீறினார். மீன் அவருடைய சொந்தச் செலவு.

பலகைகளை ஹொட்டேல் கூலியாட்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களும் வாசிக்கிறவர்கள் இல்லை. சொன்ன இடத்தில் சொன்னதை நட்டார்கள். றொமேஷ் அந்த நேரம் கொழும்பில். நட்ட இடம், கரையோரத் தெருவிலிருந்து எங்கள் மணலுக்கு இறங்குகிற வாசல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வரும்போது, வான்கள் வரிசையாக நின்றன. புத்தளத்திலிருந்தும் எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஹொட்டேலுக்கு நேர் முன்னால் பிள்ளைகள் குளித்தார்கள். சோற்றுப் பார்சல் அவிழ்த்தார்கள். வெள்ளைக்காரர் படுக்கிற நீட்டுக் கதிரையில் ஒரு கிழவர் குடையைப் பிடித்துக்கொண்டு நல்ல நித்திரை. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. என் கருவாட்டிலும் கொஞ்சம் வாங்கினார்கள்.

பின்னேரம் றொமேஷ் மோட்டார்சைக்கிளில் வந்து எங்கள் முற்றத்தில் நின்றான். முகம் சிவந்திருந்தது.

"லோறன்ஸ் அண்ணன், நான் என்ன அனுப்பினன், நீங்க என்ன எழுதியிருக்கிறீங்க? கெஸ்ட் எல்லாம் என்னோட சண்டை பிடிக்கிறாங்க. முதலாளி போன்ல கோல் எடுத்து நாய்ப் பேச்சுப் பேசுறார்."

இவர் எழும்பி நின்று கையைப் பிசைந்தார். "தம்பி, நீங்க பிழையா அனுப்பிட்டீங்க எண்டு நான் திருத்தினன்..."

"திருத்தினீங்களா? ஆரு உங்களத் திருத்தச் சொன்னது? வேலியில இருந்து தண்ணி வரைக்கும் இனி ஹொட்டேலுக்கு. வேற ஆக்கள் வரக்கூடாது. அதத்தான் அந்த போர்ட் சொல்லவேணும்."

நான் குசினியிலிருந்து வெளியே வந்தேன். "தம்பி, வேலியில இருந்து தண்ணி வரைக்கும் எண்டா, நாங்க மீன் காயப்போடுற மணல்?"

"அக்கா, அதையும் உங்களிட்டச் சொல்லத்தான் இருந்தன். கருவாட்டு மணம் கெஸ்ட்டுக்கு ஒத்துவராது. இந்தக் கிழமையோட நீங்க எல்லாரும் வேற இடம் பாத்துக்கொள்ளுங்க."

"வேற இடம் எங்க இருக்கு? அங்கால கல்லு. இஞ்சால வள்ளம் ஏத்துற இடம். வீட்டுக் கூரையிலயா காயப்போட? உன்ர அப்பா இழுத்த வலையில ஏறின மீனும் இப்பிடித்தான் மணந்தது. அந்த மணத்திலதான் நீ படிச்சாய். இந்தக் கடல எந்தக் கடையில வாங்கினீங்க? கொண்டுவந்து காட்டு!"

கத்தினேன். என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் ஓடின. றொமேஷ் என்னைப் பார்க்கவேயில்லை. மழை பெய்தால் ஒதுங்கி நிற்கிறதைப் போல நான் ஓயும்வரைக்கும் நின்றான். பிறகு இவரைப் பார்த்து, "அண்ணன், நாளைக்கு விடிய வந்து சரியா மாத்தி எழுதித் தாங்க" என்றான்.

என் மனுசன் என்ன சொன்னார் தெரியுமா?

"ஓம் தம்பி."

கையில் இருந்த அகப்பையை எறிந்தேன், அது அவருடைய பெயின்ட் வாளியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து என்னிடமே திருப்பித் தந்தார். இதைவிட என்னை ஒருவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சாப்பிடும்போதும் நான் விடவில்லை. "அந்த போர்ட் எழுதின கையோட இந்த வீட்டுக்குள்ள வராதீங்க. உங்கட அம்மா காயப்போட்ட மணல். உங்கட பெண்சாதி காயப்போடுற மணல். அதுக்குள்ள வராத எண்டு உங்கட கையாலயே எழுதுவீங்களா?"

அவர் பாணைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: "நான் பிழை விட்டுட்டன் டயனா. இவ்வளவு காலமும் ஒரு சோடி பிழைச்சதில்ல."

பாருங்கள். மணல் போகப்போகிறது, இந்த மனுசன் சோடி பிழைத்ததற்குத் துக்கம் காக்கிறார்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன்.

கொஞ்சம் பொறுத்து அவர் கேட்டார்: "பிறைவேற், பீச். அப்பிடி ரெண்டு சொல்லுச் சேருமா? நீ படிச்சனீதானே."

"சேத்துவைக்க ஆளிட்டக் காசிருந்தா எதுவும் சேரும்" என்றேன்.



விடிய நான் மணலுக்குப் போய் நெத்தலி விரித்தேன். கத்தரினாவும் வந்திருந்தாள். நான் அவளுக்கும் மற்றப் பெண்களுக்கும் விசயத்தைச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து ஹொட்டேல் வாசலில் போய் நிற்போம் என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. "நீ எப்பவும் இப்பிடித்தானே டயனா. கொஞ்சம் பொறு, பாப்பம்" என்றாள் கத்தரினா. பல்லைக் கடித்துக்கொண்டு விரித்தேன்.

அப்போது அவர் வந்தார், ஒரு கையில் ஏணி, மற்றக் கையில் பெயின்ட் வாளி. என்னைத் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போனார். றொமேஷ் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். இவர் ஏறி, பழைய எழுத்தின் மேல் வெள்ளை அடித்தார். மீன் கடைசியாக மறைந்தது. காயும்வரை கீழே குந்தியிருந்தார். திரும்ப ஏறினார். பிறஸ்சை நீலத்தில் தோய்த்தார். நான் ஒரு கிடுகைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறஸ் பலகைக்குக் கிட்டப் போனது, நின்றது. திரும்ப வாளிக்குள் போனது. திரும்ப வந்தது, நின்றது. நீலம் அவருடைய முழங்கை வழியாக வழிந்தது.

"என்ன அண்ணன்?" என்றான் றொமேஷ்.

"வருதில்ல தம்பி."

"எழுத்து மறந்துபோச்சா? போன்ல காட்டட்டா?"

"எழுத்துத் தெரியும். இந்த ரெண்டும் சேராது தம்பி. எண்ட கையால ஏலாது."

ஏணியால் இறங்கிவிட்டார். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அவ்வளவுதான். நான் இரவு முழுவதும் யோசித்துவைத்த நியாயம் எத்தனை! அப்பன் பாட்டன், கடல், கரை, வயிறு என்று எத்தனை பேச்சு! ஒன்றையும் பேசவில்லை. சேராது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இருந்தாலும், கெட்டுப்போன மனுசன், இருபது வருசத்தில் முதல் தரம் ஒன்றை மாட்டேன் என்றிருக்கிறார். அன்று மத்தியானம் அவருக்கு இரண்டு துண்டு மீன் கூடுதலாகப் பொரித்தேன்.

ஆனால் இது பழைய காலம் இல்லையே, எழுத்துக்காரன் மாட்டேன் என்றால் எழுத்து நின்றுபோக. அடுத்த நாளே புத்தளத்திலிருந்து பிளாஸ்டிக் பனர் ஒன்று அடித்து வந்தது. மெசினுக்கு என்ன, எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் சேர்த்துத் துப்பும். ஒரு தென்னைமரம், படுத்திருக்கிற ஒரு வெள்ளைக்காரி, மேலே இவ்வளவு பெரிய எழுத்தில் 'பிறைவேற் பீச்'. இரண்டு கம்பத்தில் இழுத்துக் கட்டினார்கள். அதிலிருந்து தண்ணி வரைக்கும் ஒரு கயிறும் ஓடியது. லோறன்ஸுக்கு இனி இந்தப் பக்கத்து ஹொட்டேல் ஒன்றும் வேலை கொடுக்காது என்று றொமேஷ் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். இவர் முற்றத்தில் காய்ந்த பிறஸ்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். அவை கழுவவேண்டிய அளவுக்கு அழுக்காகவும் இல்லை.

ஹொட்டேல் காவல்காரர் வந்து எங்களைக் கிடுகுகளை எடுக்கச் சொன்னார். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சுருட்டினார்கள். கத்தரினாவும் சுருட்டினாள். சுருட்டும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி காய்ந்த சாளையைக் கூடையில் அள்ளினாள். அது இனிப் புழுக்கும், நாறும், ரஸாக் நானா எடுக்கமாட்டார். அவளுக்கும் தெரியும். என் தலைக்குள் ஏதோ அறுந்தது.

மீன் கீறுகிற கத்தி என் கையில்தான் இருந்தது. நேரே போனேன். இந்தப் பக்கத்து முடிச்சை அறுத்தேன், அந்தப் பக்கத்து முடிச்சை அறுத்தேன். பனர் தொப்பென்று விழுந்தது. காவல்காரர், "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினார், கத்தியைப் பார்த்திருப்பார். கயிற்றையும் அறுத்தேன். பனரை இழுத்துக்கொண்டு வந்து என் இடத்தில் எழுத்து மேலே தெரிய விரித்து, என் கூடையிலிருந்த சாளை எல்லாவற்றையும் அதன் மேல் கொட்டிப் பரப்பினேன். கிடுகைவிட நல்லது, மணல் ஒட்டாது. வெள்ளைக்காரியின் முகத்தில் மூன்று சாளை காய்ந்தன.

கொஞ்ச நேரத்தில் றொமேஷ் ஜீப்போடு வந்தான். இரண்டு பொலிஸ்காரர் இறங்கினார்கள். அதற்குள் ஊர் கூடிவிட்டது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். லோறன்ஸும் யாரோ சொல்லி ஓடிவந்திருந்தார், கையில் இன்னும் ஒரு பிறஸ்.

"இதை வெட்டினது ஆரு?" என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார்.

காவல்காரர் மணலைப் பார்த்தார். அவருக்குப் பெண்பிள்ளைமேல் சொல்ல மனம் வரவில்லைபோல. நான் வாயைத் திறந்தேன். இவ்வளவு காலமும் சேர்த்துவைத்தது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"நான்" என்றார் லோறன்ஸ்.

எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

"நான்தான் வெட்டினன். அந்த இடத்தில அப்பிடி ஒரு எழுத்து நிக்கக்கூடாது. திரும்பக் கட்டினா திரும்ப வெட்டுவன்."

சத்தம் போடவில்லை. அவருக்குச் சத்தம் போடத் தெரியாது. ஆனால் அலைச் சத்தத்துக்கு மேலாக எல்லோருக்கும் கேட்டது. கத்தி என் கையில் இருந்தது, மீன் என்னுடையது, அவருடைய கையில் இருந்தது பிறஸ். எல்லோருக்கும் தெரியும் யார் வெட்டினது என்று. பொலிஸ்காரர் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் விடுவேனா? ரஸாக் நானாவைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். "தங்கச்சி, அங்க வந்து கத்தாதீங்க, நான் கதைக்கிறன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வாக்குமூலம் எழுதி, விசாரணைக்குக் கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி, பொழுதுபடுவதற்குள் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுத் தொடங்கினேன்.

"வெட்டினது நான். அறுத்தது நான். உங்கள ஆரு பேசச் சொன்னது? வாழ்நாள் முழுக்க எண்ட வாய்க்குப் பின்னால ஒளிஞ்சுகொண்டு இருந்திட்டு, நான் ஒரு காரியம் செய்த நேரத்தில அதையும் பறிச்சுக்கொண்டு போறீங்களா?"

அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். பிறகு சொன்னார்: "நீ எண்டு சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்? அது டயனாதானே, எப்பவும் கத்துறவள்தானே எண்டு சொல்லிப்போட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. நீ ஒவ்வொரு நாளும் கோவிக்கிறாய் டயனா. நியாயமாத்தான் கோவிக்கிறாய். ஆனா ஒருத்தரும் இப்ப அதக் கேக்கிறதில்ல."

அது பொய் என்றால் எனக்குப் பதில் வந்திருக்கும். இத்தனை வருசம் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் இந்த ஊருக்குக் காற்றுச் சத்தமாகத்தான் இருந்திருக்கிறது. என் பக்கத்திலேயே படுத்தெழும்புகிற மனுசனுக்கு அது தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபம் வேறு எந்தக் கோபத்தைப் போலவும் இல்லை. அகப்பையை எறியக்கூடக் கை வரவில்லை.

விடிய மணலுக்குப் போனேன். தனியாகத்தான் நிற்கவேண்டிவரும் என்று நினைத்துப் போனேன். கத்தரினா எனக்கு முன்னமே வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள், சுருட்டிய கிடுகுகள் இடுப்பில். வலைக்காரரும் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றார்கள். புதுப் பனர் சுமந்துகொண்டு வந்த இரண்டு கூலியாட்கள் தூரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"லோறன்ஸ் அண்ணனே நான்தான் எண்டு பொலிஸ் ஜீப்பில ஏறிப்போட்டார் எண்டா, விசயம் பெரிசுதான் போல" என்றாள் கத்தரினா.

நான் இந்த வாயால் சொன்னபோது பெரிசாகத் தெரியாத விசயம்! வெட்டியது நான்தானடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் குனிந்து தன் கிடுகை என் கிடுகுக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.